வலைக்கூரையில் விழுந்த இலைகள்: ஏணியைத் தேடும் முன்...

தலைக்கு மேலே கூரை என்று ஒன்று இருந்தால் அதில் ஏறிவிடலாம் என்று நினைப்பது மனித இயல்பு. சின்ன வயதில் ஓட்டுக்கூரை மேல் ஏறிப் பந்து எடுக்காதவர் நம்மில் எத்தனை பேர்? மழை ஒழுகுகிறது என்றதும் தார் டப்பாவோடு தகரக்கூரையில் ஏறிய தாத்தாக்கள் எத்தனை பேர்? ஆனால் ஏறவே கூடாத கூரை ஒன்று இருக்கிறது. அது அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் தெருவுக்குத் தெரு காணக்கிடைக்கிறது.

அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இதைப் பற்றிப் பேசக் கேட்டிருக்கலாம். "வீட்டுக்குப் பின்னால் பெரிய பறவைக்கூண்டு போலக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே பார்த்தால் நீச்சல் குளம்!" என்பார்கள். அந்தக் கூண்டுதான் இன்றைய பேச்சு. அதன் மேல் விழும் இலைகளை எப்படி அகற்றுவது என்பதுதான் விஷயம். இலை பெருக்குவதற்கு ஒரு கட்டுரையா என்று நினைக்க வேண்டாம். இந்த வேலையில் கை கால் முறிந்தவர்களும் உண்டு, உயிரே போனதும் உண்டு.

கூண்டு எதற்கு?

புளோரிடாவில் வீட்டோடு சேர்ந்த நீச்சல் குளங்கள் பத்து லட்சத்துக்கும் மேல். வெயிலும் மழையும் நம் ஊரைப் போலத்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை பிற்பகல் ஆனால் இடி மின்னலோடு மழை கொட்டும். கொசுவுக்கோ குறைவில்லை. கொசுவைவிடச் சிறிய, கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு கடிக்கும் பூச்சியும் கடலோரத்தில் உண்டு. மாலையில் குளக்கரையில் நிம்மதியாக உட்கார வேண்டுமென்றால் வலை வேண்டும். அதனால் அலுமினியச் சட்டங்களை நிறுத்தி, சுற்றிலும் மேலும் வலை அடித்து, குளத்தையும் அதைச் சுற்றியுள்ள தளத்தையும் ஒரே கூண்டுக்குள் அடக்கிவிடுகிறார்கள்.

வலை என்றால் இரும்புக் கம்பி வலை அல்ல. வினைல் பூசிய கண்ணாடியிழை நூலால் நெய்தது. சாதாரண வகையில் ஓர் அங்குலத்துக்கு ஒரு பக்கம் 18 இழை, மறுபக்கம் 14 இழை. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூச்சியையும் தடுக்க வேண்டுமென்றால் 20க்கு 20 என்று நெருக்கமாக நெய்த வலை. இந்த வலையைச் சட்டத்தோடு ஆணி அடித்துப் பொருத்துவதில்லை. சட்டத்தில் ஒரு பள்ளம் ஓடும். வலையின் ஓரத்தை அதில் வைத்து, ரப்பர் போன்ற ஒரு கயிற்றை மேலே அழுத்தித் திணித்துவிடுவார்கள். அவ்வளவுதான் பிடிப்பு! ஆண்டுக்கணக்கில் வெயில் பட்டால் அந்தக் கயிறு விறைத்துச் சுருங்கும். அப்போது ஒரு குத்து விழுந்தால் வலை உருவிக்கொண்டு வரும்.

அதாவது, காற்றும் மழைநீரும் புகுந்து போகும்படி செய்யப்பட்ட கூரை இது. பாரம் சுமப்பதற்காகச் செய்ததல்ல. ஒரு குழந்தை அதன் மேல் விழுந்தாலும் தாங்காது. வளர்ந்த ஆளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எந்த மரம், என்ன குப்பை?

மரத்தைத் தெரிந்துகொண்டால் வேலை பாதி முடிந்த மாதிரி. புளோரிடாவில் நிழலுக்குப் பேர்போனது 'லைவ் ஓக்' மரம். மற்ற ஓக் மரங்கள் குளிர்காலத்தில் மொட்டையாக நிற்கும்போது இது பச்சையாக நிற்கும். அதனால் இலையே கொட்டாது என்று நினைத்து, பக்கத்திலேயே கூண்டைக் கட்டியவர்கள் பலர். உண்மையில் குளிர்காலம் முடியும் தறுவாயில், புது இலை துளிர்க்கும்போது, பழைய இலைகளைச் சில வாரங்களுக்குள் மொத்தமாகக் கொட்டிவிடும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இந்தக் கூத்து. அது ஓய்ந்தது என்று பார்த்தால் நூல் நூலாகப் பூச்சரங்கள் விழும். கூடவே மஞ்சள் மகரந்தம். இலையை வலை தடுக்கும், மகரந்தத்தைத் தடுக்காது. மாவு சலித்த மாதிரி உள்ளே இறங்கிக் குளத்தின் மேல் மஞ்சள் படலமாகப் படரும்.

ஓக் கிளைகளில் சாம்பல் நிறத் தாடி போலத் தொங்குவதை 'ஸ்பானிஷ் பாசி' என்கிறார்கள். பெயர்தான் பாசி, உண்மையில் அது அன்னாசிக் குடும்பத்துச் செடி! மரத்தின் சத்தை உறிஞ்சுவதில்லை, வெறுமனே தொற்றிக்கொண்டு தொங்குகிறது. காற்றடித்தால் கற்றை கற்றையாக வலையின் மேல் விழும். விழுந்தால் தானாக நகராது. மழைநீரைப் பிடித்து வைத்துக்கொண்டு அங்கேயே கிடக்கும்.

பைன் மரத்தின் ஊசியிலை இன்னொரு தலைவலி. நீள ஊசிப் பைன் என்ற வகையில் ஓர் ஊசி ஒரு சாண் முதல் ஒரு முழம் வரை நீளும். ஓக் இலை வலையின் மேல் படுக்கும் என்றால், இது வலைக்கண்ணுக்குள் குத்திக்கொண்டு நிற்கும். மேலிருந்து வாரினால் வலையும் சேர்ந்து கிழியும். இவை போதாதென்று, 1953இல் புளோரிடாவின் மாநில மரமாக அறிவிக்கப்பட்ட சபால் பனை வேறு. அதன் காய்ந்த விசிறி மட்டை ஒன்று விழுந்தால் போதும், வலையில் ஓட்டை நிச்சயம்.

காய்ந்தால் பஞ்சு, நனைந்தால்?

"இலைதானே, என்ன கனம் இருக்கப்போகிறது?" என்ற அலட்சியம்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வலையின் ஒரு கட்டம் 2 மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 5 சதுர மீட்டர். அதன் மேல் படிந்த இலைக்குவியல், மழையில் ஊறி, அரை சென்டிமீட்டர் உயரத்துக்குச் சமமான நீரைப் பிடித்து வைத்திருந்தால் அந்த நீரின் எடை மட்டும் 25 கிலோ! பத்துக் கிலோ அரிசிப் பை இரண்டரையைத் தூக்கி வலையின் நடுவில் வைத்ததற்குச் சமம். வலை தொய்யும். தொய்ந்த இடம் குழியாகும். குழியில் இன்னும் இலை சேரும். கூரை தட்டையாக இருந்தால் இது சீக்கிரம் நடக்கும். நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரிந்த கூரையானால் கொஞ்சம் தாமதமாக நடக்கும்.

ஆகவே இலை காய்ந்திருக்கும்போதே தள்ளிவிட வேண்டும். இலை கொட்டும் பருவத்தில் வாரம் ஒரு முறை பத்து நிமிடம் போதும். மூன்று மாதம் விட்டுவிட்டு ஒரே நாளில் செய்கிறேன் என்று கிளம்புகிறவர்கள்தான் ஏணியைத் தேடுகிறார்கள்.

அந்த ஏணி...

அங்கு வழக்கமாக நடப்பது இதுதான். புளோரிடாவில் ஓய்வுபெற்றவர்கள் ஏராளம். வேலை இல்லை, நேரம் இருக்கிறது, உடம்பில் தெம்பு இருப்பதாக நினைப்பு. "ஆள் கூப்பிட்டால் காசு கேட்பான், நானே செய்கிறேன்" என்று அறுபத்தைந்து, எழுபது வயதுக்காரர் ஏணியைச் சாத்துகிறார். எங்கே சாத்துவது? சுவர் இல்லை, வலைதான் இருக்கிறது. மெல்லிய அலுமினியச் சட்டத்தில் சாத்தினால் வழுக்கும். கீழே தளமோ ஈரம். மேலே போனதும் கை எட்டவில்லை. உடம்பை ஒரு பக்கமாகச் சாய்க்கிறார். மீதி தெரிந்ததுதான். மூன்று மீட்டர் உயரத்திலிருந்து சிமெண்டுத் தளத்தில் விழுந்தால் இடுப்பெலும்பு முறியப் போதும். அந்த வயதில் இடுப்பு முறிவு எத்தனை பேரைப் படுக்கையிலேயே தள்ளிவிடுகிறது என்பது குடும்பத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

"கூண்டு பழுது பார்க்கிறவர்கள் சட்டத்தின் மேல் நடக்கிறார்களே?" என்று கேட்கலாம். நடக்கிறார்கள். பல கூண்டுகளில் அந்தச் சட்டத்தின் அகலம் சுமார் 5 சென்டிமீட்டர்தான். எந்தச் சட்டம் தாங்கும், எது தாங்காது, எந்தத் திருகாணி கடற்காற்றில் அரித்துப் போயிருக்கிறது என்பது தெரிந்த தொழிலாளி நடப்பதும், வீட்டுக்காரர் செருப்போடு ஏறுவதும் ஒன்றா? காலை அரை அடி தள்ளி வைத்தால் அது வலை.

இன்னொன்று மின்சாரம். நீண்ட கழியும் அலுமினியம், கூண்டும் அலுமினியம், ஏணியும் அலுமினியம். மூன்றும் மின்சாரத்தைத் தாராளமாகக் கடத்துபவை. தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் மின்கம்பி கூண்டின் பக்கமாகப் போனால், கழி நுனி அதன் அருகில் போகவே கூடாது. குறைந்தது பத்து அடி விலகியிருங்கள் என்பது அமெரிக்காவில் பொதுவாகச் சொல்லப்படும் எச்சரிக்கை. தலையை நிமிர்த்தி ஒரு முறை மேலே பார்த்துவிட்டுக் கழியை நீட்டுவதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. இடி முழக்கம் கேட்டாலோ, அன்றைக்கு வேலை இல்லை என்று கழியை மடக்கிவிட வேண்டும்.

கீழே நின்றே செய்யலாம்

ஏறாமல் எப்படி? கூரை வலை என்பதுதான் இங்கே நமக்குச் சாதகம். ஓட்டுக்கூரையை உள்ளேயிருந்து தட்டி இலையை நகர்த்த முடியாது. வலைக்கூரையை முடியும்!

குளம் துப்புரவு செய்யும் நீட்டுக் கழி எல்லா வீட்டிலும் இருக்கும். அதன் தலையில் உள்ள வலைக்கரண்டியைக் கழற்றிவிட்டு மென்மையான துடைப்பத் தலையை மாட்ட வேண்டும். அதுவும் இல்லையென்றால் பழைய துண்டை உருண்டையாகச் சுற்றி இறுக்கிக் கட்டினாலும் போதும். கூர்முனை எதுவும் வெளியே தெரியக் கூடாது, அதுதான் முக்கியம். பிறகு கூண்டுக்குள் நின்றுகொண்டு, கூரையின் உயர்ந்த பக்கத்திலிருந்து ஆரம்பித்து, வலையைக் கீழிருந்து மெதுவாகத் தட்ட வேண்டும். குத்தக் கூடாது, தட்ட வேண்டும். முறத்தில் அரிசி புடைக்கும்போது உமி துள்ளித் துள்ளி ஓரத்துக்கு வருமே, அதே கதைதான். ஒவ்வொரு தட்டுக்கும் இலை கொஞ்சம் கொஞ்சமாகச் சரிவுப் பக்கம் துள்ளும். சட்டம் குறுக்கிடும் இடத்தில் கொஞ்சம் நிற்கும், அந்த இடத்தில் இரண்டு தட்டு அதிகம். தட்டும்போது தூசி முகத்தில் கொட்டும். கண்ணாடி அணியாமல் மேலே பார்த்துக்கொண்டு நிற்பது நல்லதல்ல. பின்னால் நகரும்போது குளம் எங்கே இருக்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும். அண்ணாந்து பார்த்தபடியே குளத்துக்குள் கால் வைத்தவர்கள் உண்டு!

தோட்டத்தில் இலை ஊதித்தள்ளும் இயந்திரம் இருந்தால் வேலை இன்னும் சுலபம். கீழேயிருந்து, சரிவாக, ஓரத்தை நோக்கிக் காற்றை அடித்தால் காய்ந்த இலை பறந்துபோகும். ஆனால் வீட்டிலிருந்து ஒயர் இழுத்து ஓட்டும் வகை குளக்கரையில் வேண்டவே வேண்டாம். பேட்டரி அல்லது பெட்ரோலில் ஓடுவதாக இருக்கட்டும். நனைந்த இலைக்கு எந்த இயந்திரமும் உதவாது. ஆகவே பனி காய்ந்த பிறகு, பிற்பகல் மழைக்கு முன், பத்து பதினொரு மணி வாக்கில் செய்வது நல்லது.

ஸ்பானிஷ் பாசி போன்ற பிடிவாதக் குப்பைக்குக் கயிறு முறை ஒன்று இருக்கிறது. காலுறைக்குள் டென்னிஸ் பந்தைப் போட்டு, அதில் மெல்லிய கயிற்றைக் கட்டிக் கூண்டுக்கு மேலாக எறிய வேண்டும். மறுபக்கம் ஒருவர் பிடித்துக்கொள்ள, அந்தக் கயிற்றோடு தடிமனான பருத்திக் கயிற்றை இணைத்து இழுக்க வேண்டும். இருவரும் கூண்டுக்கு வெளியே, ஆளுக்கொரு பக்கம் நின்று, கயிற்றைத் தளர்வாகப் பிடித்தபடி ஒரே திசையில் நடந்தால், கயிறு கூரையைத் துடைத்துக்கொண்டே வரும். ஒரே இடத்தில் முன்னும் பின்னும் இழுத்தால் அது ரம்பம் போல வலையை அறுத்துவிடும். கணவனும் மனைவியும் செய்யக்கூடிய வேலைதான். "நீ இழு, நான் இழுக்கிறேன்" என்ற சண்டை வராமல் இருந்தால் சரி!

வலைக்கண்ணில் குத்தி நிற்கும் பைன் ஊசியை வாரவே கூடாது. கீழிருந்து துடைப்பத்தால் மேல்நோக்கி மெல்லத் தடவினால் பெரும்பாலானவை எழும்பி வெளியேறும். பக்கவாட்டு வலையில் குத்தியிருப்பவற்றைக் கையால் ஒவ்வொன்றாக உருவுவதைத் தவிர வேறு வழியில்லை. அலுப்பான வேலை, ஆனால் வலை பிழைக்கும்.

சரிவின் அடியில் ஒரு பீலி

கூரையிலிருந்து இலையைத் தள்ளிவிட்டோம், வேலை முடிந்தது என்று உள்ளே போய்விடுகிறவர்கள்தான் அதிகம். தள்ளிய இலை எங்கே போய் விழுந்தது என்று பார்ப்பதில்லை. கூண்டு வீட்டோடு சேரும் இடத்தில், வீட்டுக்கூரை நீரையும் கூண்டின் நீரையும் சேர்த்து வாங்க ஓர் அகலமான அலுமினியப் பீலி ஓடுகிறது. கூண்டின் பாரத்தில் ஒரு பகுதியைத் தாங்குவதும் அதுதான். சரிவு அந்தப் பக்கமாக இருந்தால் இலை முழுவதும் அங்கேதான் போய்ச் சேரும். பீலி அடைத்தால் நீர் பின்னோக்கி ஏறி வீட்டுக் கூரையின் ஓரப் பலகைக்குள் புகும். பலகை உளுத்துவிட்டால் கூண்டைப் பிடித்திருக்கும் திருகாணிக்கு ஆதாரம் போய்விடும்.

இன்னும் மோசமானது கொசு. கொசுவுக்குப் பயந்து ஆயிரக்கணக்கான டாலர் செலவு செய்து வலைக்கூண்டு கட்டிவிட்டு, அந்தக் கூண்டின் தலையிலேயே கொசுப்பண்ணை வைப்பது வேடிக்கை அல்லவா? ஏடிஸ் கொசுவுக்குக் கொஞ்சம் தேங்கிய நீர் போதும். வெப்பமான இடத்தில் முட்டை பறக்கும் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அதன் முட்டை உலர்ந்த பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். இது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டிங்கிக் காய்ச்சலுக்காக வீட்டுப் பீலியை எட்டிப் பார்க்கும் சுகாதார அதிகாரிகளை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பார்த்துப் பழகியவர்கள் நாம். மலேசியாவில் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் சட்டம் 1975லேயே வந்துவிட்டது. புளோரிடாக்காரர்களுக்கு இது கொஞ்சம் புதிது. 2009, 2010 ஆண்டுகளில் கீ வெஸ்ட் நகரில் வெளிநாடு போகாதவர்களுக்கே டிங்கி வந்தபோதுதான் பலர் விழித்தார்கள். 2016இல் மயாமியில் ஸிக்கா கிருமி உள்ளூர்க் கொசுக்கள் மூலமே பரவியது. 2020இல் கீ லார்கோ பகுதியில் மறுபடி டிங்கி.

பீலியைத் துப்புரவு செய்யவும் மேலே ஏற வேண்டியதில்லை. நுனி வளைந்த குழாயைத் தோட்டக்குழாயில் பொருத்தித் தரையில் நின்றே நீரைப் பீய்ச்சலாம். கீழே இறங்கும் குழாயின் வாய் அடைத்திருக்கிறதா என்பதைத் தெரிந்துகொள்ள, மேலே ஊற்றிய நீர் கீழே வருகிறதா என்று பார்த்தாலே போதும். எட்டவில்லை, அடைப்பு போகவில்லை என்றால் அங்கேதான் ஆளைக் கூப்பிட வேண்டும். வருடத்துக்கு ஓரிரு முறை அந்தச் செலவைச் செய்வதில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது.

குளமும் தளமும்

தட்டியபோது உள்ளே கொட்டிய தூசியும் பூச்சரமும் குளத்தில் மிதக்கும். மூழ்குவதற்குள் வலைக்கரண்டியால் அள்ளிவிட வேண்டும். குளத்தின் ஓரத்தில் நீரை உறிஞ்சும் வாயில் உள்ள கூடையை நடுவில் ஒரு முறை காலி செய்ய மறந்தால், நீர் கிடைக்காமல் பம்பு வறண்டு ஓடிக் கெட்டுவிடும். அழுகும் இலை, குளத்தில் போட்ட குளோரினைத் தின்று தீர்க்கும். குளோரின் குறைந்தால் பாசி பிடிக்கும். தளத்தில் கிடக்கும் ஓக் இலையில் துவர்ப்புச் சத்து இருக்கிறது. மழையில் ஊறினால் தேயிலைச் சாயம் போலப் பழுப்புக் கறை விடும், அன்றன்றே பெருக்கினால் கறை இல்லை.

வலையில் பச்சைப் பாசி படிந்திருந்தால் மென்மையான சோப்பு நீரும் தூரிகையும் போதும். அழுத்த நீர் இயந்திரத்தைப் பக்கத்தில் வைத்து அடிப்பது பலர் செய்யும் தவறு. அழுக்கோடு இழையும் போய்விடும். சட்டத்தின் மூலைகளில் குளவிக்கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கழியை நீட்டுவதும் நல்லது.

மரம் பக்கத்து வீட்டுக்காரருடையது என்றால்? அங்கேயும் நம் ஊர்ச் சண்டைதான். புளோரிடாவில் நல்ல நிலையில் உள்ள மரத்தின் இலை பறந்து வந்து விழுந்தால் அதற்கு மரத்துக்காரர் பொறுப்பல்ல. எல்லை தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் கிளையைத் தன் செலவில், எல்லைக்கோடு வரைக்கும் வெட்டிக்கொள்ளலாம். அதற்கு மேல் கை வைத்தால் வம்பு. வெட்டும் முன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெட்டினால், கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க அவரே வந்தாலும் வருவார்!

புயல் வந்துபோன பிறகு

மேலே சொன்னவை சாதாரண நாட்களுக்கு. ஜூன் முதல் தேதியிலிருந்து நவம்பர் 30 வரை அட்லாண்டிக் புயல் பருவம். 2004இல் சார்லி, பிரான்சஸ், ஐவன், ஜீன் என்று நான்கு பெரும் புயல்கள் ஒரே பருவத்தில் புளோரிடாவைத் தாக்கின. 2022 செப்டம்பர் 28ஆம் தேதி இயன் புயல் தென்மேற்குக் கடற்கரையில் கரையேறியது. இத்தகைய புயல்களில் முதலில் சுருண்டு விழுபவற்றுள் இந்தக் கூண்டுகளும் உண்டு. வலையில் இலை அடைத்திருந்தால் காற்று புகுந்து போக வழியில்லை. வலை பாய்மரம் போலக் காற்றை வாங்கிச் சட்டத்தோடு சாய்ந்துவிடும். அதனால்தான் பெரும்புயல் வருகிறது என்றால் சிலர் பக்கவாட்டு வலையைத் தாங்களே கத்தியால் கிழித்துவிடுகிறார்கள். வலை போனால் மாற்றிக்கொள்ளலாம், சட்டம் போனால் பெருஞ்செலவு. வீட்டுக் காப்புறுதி பல நேரங்களில் இந்தக் கூண்டுக்கு முழுதாகக் கொடுப்பதில்லை என்பதையும் அப்போதுதான் பலர் கண்டுபிடிக்கிறார்கள். பருவம் தொடங்கும் முன்பே பத்திரத்தை எடுத்துப் படித்துப் பார்ப்பவர் புத்திசாலி.

புயலுக்கு மறுநாள் காலை, வலையைத் துளைத்துக்கொண்டு ஒரு பெரிய கிளை தொங்குகிறது. கீழே நின்று அதைப் பிடித்து இழுக்கத்தான் கை பரபரக்கும். இழுக்கக் கூடாது. அந்தக் கிளை எதன் மேல் அழுந்தி நிற்கிறது என்பது கீழிருந்து தெரியாது. வளைந்த சட்டம் வில் போல விறைத்து நிற்கும், கிளை அகன்றதும் எந்தப் பக்கம் அடிக்கும் என்று சொல்ல முடியாது. மின்கம்பி அறுந்து கூண்டின் மேலோ மரத்தின் மேலோ கிடந்தால், மொத்தக் கூண்டிலும் மின்சாரம் பாயலாம். கதவுப் பிடியைக்கூடத் தொடாமல், விலகி நின்று மின்வாரியத்தைத் தான் அழைக்க வேண்டும். தெருவில் விளக்கு எரியவில்லை, மின்சாரம் இல்லை என்று நம்பித் தொட்டுவிடக் கூடாது. எந்த நேரத்திலும் திரும்ப வரலாம். யாராவது தங்கள் வீட்டில் ஜெனரேட்டரைத் தவறாக இணைத்திருந்தாலும் கம்பியில் மின்சாரம் ஓடும்.

சாதாரண ஓட்டைக்கு அவ்வளவு பயம் வேண்டாம். பக்கவாட்டில் கை எட்டும் கட்டமானால், பழைய கயிற்றை உருவிவிட்டு, புது வலையை விரித்து, சக்கரம் வைத்த சின்னக் கருவியால் புதுக் கயிற்றை அழுத்திக்கொண்டே போனால் ஒரு மணி நேர வேலை. கூரையில் உள்ள கட்டமானால் தெரிந்தவரிடம் விட்டுவிட வேண்டும்.

கதவு

கூண்டுக்கு ஒரு கதவு உண்டு. பூச்சி உள்ளே வராமல் இருப்பதற்காக மட்டும் வைத்த கதவு அல்ல அது. 2000ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதிக்குப் பிறகு புளோரிடாவில் கட்டப்பட்ட வீட்டு நீச்சல் குளங்களுக்குக் குழந்தைகள் பாதுகாப்புக்கென ஏதாவது ஓர் ஏற்பாடு இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். குறைந்தது நான்கு அடி உயரத் தடுப்பு அதில் ஒன்று. பல வீடுகளில் இந்தக் கூண்டுதான் அந்தத் தடுப்பு. தடுப்பாகக் கணக்கில் வர வேண்டுமென்றால் அதன் கதவு வெளிப்பக்கமாகத் திறந்து, தானாக மூடி, தானாகத் தாழிட்டுக்கொள்ள வேண்டும். தாழ்ப்பாள் சிறு குழந்தைகளின் கைக்கு எட்டாதபடி அமைந்திருக்க வேண்டும்.

துப்புரவு நாளில் என்ன நடக்கிறது? இலைப்பையை இரண்டு கைகளிலும் தூக்கிக்கொண்டு பத்து முறை வெளியே போய்வர வேண்டியிருக்கிறது. தானாக மூடிக்கொள்ளும் கதவு ஒவ்வொரு முறையும் தொல்லை. ஒரு பூந்தொட்டியை நகர்த்திக் கதவுக்கு முட்டுக்கொடுத்து விடுகிறார்கள். வேலை முடிகிறது. களைப்பு. உள்ளே போய்க் குளித்துவிட்டுச் சாப்பிட உட்காருகிறார்கள். வெளியே கதவு அப்படியே திறந்திருக்கிறது, பேரப்பிள்ளை தோட்டத்தில் விளையாடிக்கொண்டிருக்கிறான்.

கதவின் சுழல்கீல் இடுக்கில் ஓர் ஓக் இலை மாட்டியிருந்தாலும் இதே நிலைதான். கதவு மூடியது போலத் தெரியும், தாழ் விழுந்திருக்காது. அதனால் கடைசிப் பையைக் கொண்டுபோய் வைத்த பிறகு, தொட்டியை எடுத்துவிட்டு, கதவைக் கையால் அழுத்தாமல், பாதி திறந்து விட்டுவிட்டு நின்று பார்க்க வேண்டும். தாழ் விழும் 'கிளிக்' சத்தம் கேட்ட பிறகுதான் குளிக்கப் போகலாம்.